மின்னாற்பகுப்பு: பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வேதியியல் டியூஷனில் வருடா வருடம் பிள்ளைகள் மாறுகிறார்கள். மின்னாற்பகுப்புப் பாடம் வந்ததும் எழும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். இரண்டு மூன்று கேள்விகள் பெற்றோர் கேட்டவை. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே நிற்கின்றன. அதனால் முதல் தடவை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

மின்னாற்பகுப்புன்னா என்ன மிஸ்? டெஃபனிஷன் வேணாம், புரியற மாதிரி சொல்லுங்க.

தானாக நடக்காத ஒரு வேதிவினையை மின்சாரத்தைக் கொண்டு நடத்துவது. தண்ணீர் தானாக ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவதில்லை. பேட்டரியை இணைத்தால் பிரியும், எடுத்தால் நின்றுவிடும். இதற்கு ஒரு பேட்டரி, இரண்டு தண்டுகள், நடுவில் நகரக்கூடிய அயனிகள் உள்ள ஒரு திரவம் வேண்டும். அந்தத் திரவத்துக்குத்தான் மின்பகுளி என்று பெயர். உப்புக் கரைசல், அமிலம், உருகிய உப்பு எல்லாம் மின்பகுளிகள். சர்க்கரைக் கரைசல் அப்படி இல்லை, அதில் அயனியே கிடையாது.

வோல்ட்டா தன் மின்கல அடுக்கைப் பற்றி அறிவித்தது 1800-ல். அதே ஆண்டிலேயே இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் அதை வைத்துத் தண்ணீரைப் பிரித்துவிட்டார்கள். 1807-ல் ஹம்ப்ரி டேவி இதே வழியில் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் எடுத்தார். அதுவரை அந்த இரண்டு உலோகங்களையும் தனியாக யாரும் பார்த்ததில்லை.

கரண்ட் பாஞ்சதுக்கு அப்புறம்தானே உப்பு அயனியா உடையுது?

இல்லை. சமையல் உப்பு திண்மமாக இருக்கும்போதே அயனிகளால்தான் ஆகியிருக்கிறது. ஆனால் அவை படிகத்துக்குள் நகர முடியாமல் நிற்கின்றன. கரைத்தாலோ உருக்கினாலோ நகரத் தொடங்கும். மின்சாரம் அயனிகளை உண்டாக்குவதில்லை. இருக்கும் அயனிகளை ஒரு பக்கமாக நகர்த்துகிறது, தண்டின் பரப்பில் எலக்ட்ரானைக் கொடுக்கவோ வாங்கவோ வைக்கிறது. இந்தத் தவறான எண்ணத்துக்காக வெட்கப்பட வேண்டாம். கரைந்த உப்பு மின்சாரம் இல்லாமலே அயனிகளாகப் பிரிந்திருக்கிறது என்று அரீனியஸ் 1880-களில் சொன்னபோது பெரிய விஞ்ஞானிகளே அவரை நம்பவில்லை. 1903-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனோடு பிளஸ்ஸா மைனஸ்ஸா? ஒரு பக்கம் பிளஸ்ங்கறாங்க, கால்வானிக் செல் பாடத்துல மைனஸ்ங்கறாங்க.

இரண்டுமே சரிதான், குறியை வைத்து மனப்பாடம் செய்ததுதான் சிக்கல். எலக்ட்ரான் இழப்பு, அதாவது ஆக்சிஜனேற்றம், எந்தத் தண்டில் நடக்கிறதோ அது ஆனோடு. எலக்ட்ரான் ஏற்பு, அதாவது ஒடுக்கம், நடக்கும் தண்டு கேத்தோடு. எந்தக் கலத்திலும் இது மாறாது.

மின்னாற்பகுப்பில் பேட்டரியின் பிளஸ் முனை ஒரு தண்டிலிருந்து எலக்ட்ரானை இழுக்கிறது. இழப்பு அங்கே நடப்பதால் அது ஆனோடு, குறி பிளஸ். கால்வானிக் கலம் என்பது தானாக நடக்கும் வேதிவினையிலிருந்து மின்சாரம் தரும் கலம், அதில் வெளியிலிருந்து யாரும் இழுப்பதில்லை. துத்தநாகம் தானாகக் கரைந்து எலக்ட்ரானைத் தண்டில் விட்டுவிட்டுப் போகிறது, அதனால் அந்த ஆனோடின் குறி மைனஸ். ஆனோடை நேர்மின்வாய் என்றே பழகியவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். அதனால் இந்தப் பக்கம் முழுக்க ஆனோடு, கேத்தோடு என்றே எழுதியிருக்கிறேன்.

எலக்ட்ரான் ஒரு தண்டுல இருந்து இன்னொரு தண்டுக்குத் தண்ணி வழியா போகுமா?

போகாது. எலக்ட்ரானின் பாதை கம்பியோடு முடிந்துவிடுகிறது. கரைசலுக்குள் மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள். நேர் அயனிகள் கேத்தோடை நோக்கியும் எதிர் அயனிகள் ஆனோடை நோக்கியும் நகர்கின்றன. கேத்தோடில் ஓர் எலக்ட்ரான் வாங்கப்பட்டால் அதே நேரத்தில் ஆனோடில் ஒன்று கொடுக்கப்படும். அங்கே கொடுத்த எலக்ட்ரானும் இங்கே வாங்கிய எலக்ட்ரானும் ஒன்றல்ல, கணக்கு மட்டும் சரியாக இருக்கும்.

தண்ணிய பிரிக்க ஏன் ஆசிட் ஊத்தணும்? அப்ப பிரியறது ஆசிட்டுதானே?

தூய நீரில் சுமார் 55 கோடி மூலக்கூறுக்கு ஒன்றுதான் அயனியாகப் பிரிந்திருக்கும். மின்சாரத்தைச் சுமக்க அது போதாது. கொஞ்சம் கந்தக அமிலம் சேர்த்தால் அயனிகள் பெருகி மின்னோட்டம் கூடும். கேத்தோடில் அமிலம் தந்த ஹைட்ரஜன் அயனிகள்தான் வாயுவாகின்றன என்பது உண்மை. ஆனால் ஆனோடில் நீர் எலக்ட்ரானை இழந்து ஆக்சிஜனைத் தரும்போது அதே எண்ணிக்கையில் ஹைட்ரஜன் அயனிகள் கரைசலுக்குத் திரும்பி வந்துவிடுகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அமிலம் அப்படியே இருக்கும், குறைந்தது தண்ணீர் மட்டும். பல மணி நேரம் ஓட்டினால் அமிலத்தின் அடர்வு கூடும்.

சல்ஃபேட் அயனி ஆனோடுக்குப் போய் என்ன செய்கிறது என்று அடுத்த கேள்வி உடனே வரும். போகிறது, ஆனால் எலக்ட்ரானைக் கொடுப்பதில்லை. அதைவிட நீர் எளிதாகக் கொடுத்துவிடுகிறது.

எந்தத் தண்டுல எது வெளிய வரும்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? லிஸ்ட் ஏதாவது மனப்பாடம் பண்ணணுமா?

இந்தப் பாடத்தின் உயிரே இந்தக் கேள்விதான். ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு வேட்பாளர் பட்டியல் எழுதுங்கள். கேத்தோடில் எலக்ட்ரான் வாங்கக்கூடியவர்கள் யார்? கரைசலில் உள்ள நேர் அயனிகள், அவற்றோடு நீர். ஆனோடில் கொடுக்கக்கூடியவர்கள் யார்? எதிர் அயனிகள், நீர், அவற்றோடு அந்தத் தண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பத்தில் ஒன்பது பேர் விட்டுவிடுகிறார்கள். செம்பு, இரும்பு, வெள்ளி போன்றவற்றில் செய்த ஆனோடு தானே கரைந்து எலக்ட்ரானைக் கொடுத்துவிடலாம். கார்பனும் பிளாட்டினமும் பெரும்பாலும் சும்மா நிற்கும்.

பட்டியலில் யாருக்கு எளிதோ அவர் ஜெயிப்பார். யாருக்கு எளிது என்பதைப் பாடப்புத்தகத்தின் திட்ட மின்முனை அழுத்த அட்டவணை சொல்லும். கேத்தோடுக்குத் தோராயமாக நினைவில் வைத்தால் போதும்: வெள்ளியும் செம்பும் எளிதாகப் படியும். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம் தண்ணீர் இருக்கும்வரை படியவே படியாது, அவற்றுக்குப் பதில் ஹைட்ரஜன் வரும்.

உப்பை உருக்கினா சோடியம் வருது, தண்ணில கரைச்சா ஹைட்ரஜன் வருது. ஒரே உப்புதானே?

உப்பு ஒன்றுதான், வேட்பாளர் பட்டியல் வேறு. உருகிய உப்பில் கேத்தோடுக்கு சோடியத்தைத் தவிர ஆளில்லை. கரைசலில் நீரும் நிற்கிறது, அது முந்திக்கொள்கிறது. நீர் எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜன் ஆகும்போது ஹைட்ராக்சைடு அயனி மிஞ்சும். அங்கே ஏற்கெனவே சோடியம் அயனி இருப்பதால் கேத்தோடைச் சுற்றி எரிசோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, உண்டாகிறது. காரத்தில் நிறம் மாறும் ஃபினாஃப்தலின் விட்டால் அந்தப் பக்கம் மட்டும் இளஞ்சிவப்பாவது இதனால்தான்.

உப்பு உருகுவது 801 டிகிரி செல்சியஸில். சோடியம் எடுக்கும் ஆலைகளில் கால்சியம் குளோரைடு கலந்து அதைச் சுமார் 600 டிகிரிக்கு இறக்குகிறார்கள். உப்புக் கரைசலை வைத்துச் செய்வது நமக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. மேட்டூரிலும் தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் உள்ள ஆலைகளில் உப்புநீரிலிருந்து எரிசோடா, குளோரின், ஹைட்ரஜன் மூன்றும் எடுக்கிறார்கள்.

உப்புக் கரைசல்ல ஆனோடுல குளோரினா ஆக்சிஜனா? அட்டவணைப்படி ஆக்சிஜன்தானே வரணும்?

கூர்மையான கேள்வி. அட்டவணையில் ஆக்சிஜனுக்கு 1.23 வோல்ட், குளோரினுக்கு 1.36 வோல்ட். எண் குறைந்தவர் எளிதாகக் கொடுப்பார், அதன்படி நீர்தான் முதலில் எலக்ட்ரானைக் கொடுக்க வேண்டும். ஆனால் அட்டவணை எது எளிது என்பதைச் சொல்லுமே தவிர எது வேகமாக நடக்கும் என்பதைச் சொல்லாது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக இரண்டு நீர் மூலக்கூறுகள் நான்கு எலக்ட்ரான்களை இழந்து, ஆக்சிஜன் அணுக்கள் இரண்டும் சேர வேண்டும். தண்டின் பரப்பில் இது மந்தமாக நடக்கும் வேலை. அதை நடத்தக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டியிருக்கிறது. குளோரினுக்கு அந்தத் தொல்லை குறைவு.

அதனால் அடர் உப்புக் கரைசலில் குளோரின். மிகவும் நீர்த்த கரைசலில் குளோரைடு அயனிகள் போதாமல் ஆக்சிஜன் அதிகம் வரும். நடுவில் இரண்டும் கலந்து வரும். தேர்வில் "அடர்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஹைட்ரஜன் ரெண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்குன்னு புக்ல இருக்கு. எங்க லேப்ல ஆக்சிஜன் பாதிகூட வரல. எக்ஸ்பெரிமென்ட் தப்பா?

தப்பில்லை. ஆக்சிஜன் ஹைட்ரஜனைவிட அதிகமாக நீரில் கரையும், அதில் கொஞ்சம் போய்விடுகிறது. கார்பன் தண்டு என்றால் கொஞ்சம் ஆக்சிஜன் அந்தக் கார்பனோடு சேர்ந்துவிடும். வந்த அளவை அப்படியே எழுதிக் காரணத்தையும் எழுதுங்கள். அளவைத் திருத்தி எழுதினால்தான் எனக்குக் கோபம் வரும்.

மயில்துத்தக் கரைசல்ல நீலம் மங்குமா மங்காதா? ரெண்டு விதமாவும் பதில் இருக்கு.

மயில்துத்தம் என்பது செம்பு சல்ஃபேட். தண்டு எது என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. கேத்தோடில் இரண்டு வகையிலும் செம்புதான் படியும். கார்பன் ஆனோடு என்றால் அங்கே நீர் பிரிந்து ஆக்சிஜன் வரும். கரைசலிலிருந்து செம்பு போய்க்கொண்டே இருப்பதால் நீலம் மங்கி, கடைசியில் மிஞ்சுவது கந்தக அமிலம். செம்பு ஆனோடு என்றால் அது தானே கரைந்து, படிந்த அளவுக்கு ஈடு கொடுத்துவிடும். நீலம் மாறாது.

செம்பைச் சுத்திகரிப்பதும் இந்த இரண்டாவது வகைதான். உருக்கி எடுத்த சுமார் 99 சதவீதச் செம்பை ஆனோடாகத் தொங்கவிட்டால் கேத்தோடில் 99.99 சதவீதம் வரை தூய செம்பு கிடைக்கும். இரும்பும் துத்தநாகமும் ஆனோடில் கரையும், ஆனால் கேத்தோடில் செம்போடு போட்டி போட முடியாமல் கரைசலிலேயே தங்கிவிடும். தங்கமும் வெள்ளியும் கரையாமலே ஆனோடுக்கு அடியில் சேறாக விழும். அந்தச் சேற்றை யாரும் வீசுவதில்லை.

ஆர்ஓ மெஷின் விக்க வந்தவர் எங்க வீட்டுத் தண்ணில ரெண்டு கம்பிய விட்டு கரண்ட் குடுத்தார். தண்ணி பழுப்பாகி அடியில கசடு நின்னுது. அவ்ளோ அழுக்கையா குடிச்சிட்டிருந்தோம்?

பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் கசடில் பெரும்பகுதி உங்கள் தண்ணீரில் இருந்ததே இல்லை. அவர் கொண்டுவந்த கம்பியில் இருந்தது. ஆனோடாக நிற்பது இரும்புக் கம்பி. பட்டியலில் அதுதான் எளிதாக எலக்ட்ரானைக் கொடுக்கும், அதனால் கரைகிறது. கேத்தோடில் ஹைட்ரஜன் வெளியேறி ஹைட்ராக்சைடு அயனிகள் சேர்கின்றன. இரண்டும் சந்தித்தால் இரும்பு ஹைட்ராக்சைடு, முதலில் பச்சையாகவும் காற்று பட்டதும் பழுப்பாகவும் வரும் அதே சேறு. பார்ப்பதற்குச் சாக்கடை போல இருக்கும், பயப்படாதவர் யார்!

பக்கத்து டம்ளரில் ஆர்ஓ தண்ணீர் தெளிவாக இருந்ததே என்பீர்கள். அதில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு, ஆகவே மின்னோட்டமும் குறைவு, கம்பி கரையவில்லை. ஆசிட் கேள்வியில் சொன்ன அதே விஷயம். அடுத்த முறை அந்த ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுக் கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். ஆனால் நீங்களே கையை விட்டுப் பார்க்காதீர்கள், அந்தக் கருவிகள் வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடுபவை.

உங்கள் ஊர் நீரில் உப்பு அதிகமா என்பது வேறு கேள்வி. அதற்கு டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு, அளந்தால் போதும். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. கிருமி இருக்கிறதா என்பதை இந்தக் கம்பியும் சொல்லாது, டிடிஎஸ் மீட்டரும் சொல்லாது.

கவரிங் நகைக்குத் தங்கம் பூசறதும் இதுதானா? எவ்வளவு தங்கம் இருக்கும்?

இதேதான். நகையைக் கேத்தோடாகத் தொங்கவிட்டு, தங்க உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்துகிறார்கள். பல இடங்களில் அது சயனைடு கலந்த கரைசல், ஆகவே யூடியூபைப் பார்த்து வீட்டில் முயல வேண்டாம்.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் தடிமன் என்றால் 0.001 கன சென்டிமீட்டர். தங்கத்தின் அடர்த்தி 19.3. ஆகவே சுமார் 19 மில்லிகிராம். சயனைடு கரைசலில் தங்க அயனிக்கு ஓர் எலக்ட்ரான் போதும். மின்னோட்டம் முழுவதும் தங்கத்தைப் படியவைக்கவே போனால் 0.1 ஆம்பியரில் ஒன்றரை நிமிட வேலை. எப்படி வந்தது என்பது அடுத்த பதிலில்.

ஃபாரடே கணக்கு எனக்கு வரவே மாட்டேங்குது. ஃபார்முலா மறந்துடுது.

ஃபார்முலாவை மறந்துவிடுங்கள், பரவாயில்லை. மூன்று படி போதும். ஆம்பியரை விநாடியால் பெருக்கினால் கூலூம், அதாவது மொத்தம் பாய்ந்த மின்சுமை. அதை 96500-ஆல் வகுத்தால் எத்தனை மோல் எலக்ட்ரான் போனது என்று தெரியும். ஓர் அயனிக்கு எத்தனை எலக்ட்ரான் வேண்டுமோ அதனால் வகுத்து, மோலார் நிறையால் பெருக்குங்கள்.

மயில்துத்தக் கரைசலில் 2 ஆம்பியர், 30 நிமிடம்: 2 × 1800 = 3600 கூலூம். எலக்ட்ரான் 3600 ÷ 96500 = 0.0373 மோல். செம்பு அயனிக்கு இரண்டு எலக்ட்ரான், ஆகவே 0.01865 மோல் செம்பு. 63.5-ஆல் பெருக்கினால் 1.18 கிராம். தவறு நடப்பது இரண்டே இடத்தில்: நிமிடத்தை விநாடியாக்க மறப்பது, அந்த இரண்டால் வகுக்க மறப்பது. 96500 என்பது மந்திர எண் அல்ல. ஓர் எலக்ட்ரானின் மின்சுமையை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 96485 வரும், பள்ளிக் கணக்குக்காக முழுமையாக்கியிருக்கிறார்கள்.

ரெண்டு செல்லைத் தொடரா இணைச்சா, வெள்ளியும் செம்பும் ஏன் வேற வேற எடைல படியுது? கரண்ட் ஒண்ணுதானே?

கரண்ட் ஒன்றுதான், எலக்ட்ரான் எண்ணிக்கையும் ஒன்றுதான். மேலே பார்த்த 0.0373 மோல் எலக்ட்ரானை வைத்தே போடுங்கள். வெள்ளி அயனிக்கு ஓர் எலக்ட்ரான் போதும், ஆகவே 0.0373 × 108 = 4.03 கிராம். செம்புக்கு 1.18. இதைத்தான் ஃபாரடேயின் இரண்டாம் விதி சொல்கிறது.

அலுமினியத்தை மட்டும் ஏன் இவ்ளோ கஷ்டப்பட்டு உருக்கி எடுக்கறாங்க?

கரைசலில் வைத்தால் நீர் முந்திக்கொள்ளும், சோடியத்துக்கு நேர்ந்த கதைதான். அலுமினிய ஆக்சைடை அப்படியே உருக்க 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். கிரையோலைட் என்ற கனிமத்தை உருக்கி அதில் இதைக் கரைத்தால் சுமார் 950 டிகிரி போதும் என்று 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்ஸில் எரூவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863-ல், இறந்ததும் ஒரே ஆண்டில், 1914-ல்.

இங்கே கார்பன் ஆனோடு சும்மா நிற்பதில்லை. அந்த வெப்பத்தில் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகிறது, அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 13 முதல் 15 யூனிட் மின்சாரம் செலவு. அதனால்தான் இந்த ஆலைகள் மலிவான மின்சாரத்தைத் தேடிப் போகும். சேர்வராயன் மலை பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் அலுமினிய ஆலை இயங்கியதை வைத்து யோசித்துப் பாருங்கள்.

வீட்ல செஞ்சு பார்க்கலாமா?

9 வோல்ட் பேட்டரி, இரண்டு பக்கமும் சீவிய இரண்டு பென்சில்கள், ஒரு டம்ளர் தண்ணீர், அரை ஸ்பூன் வாஷிங் சோடா. இவ்வளவுதான். மைனஸ் பக்கம் குமிழிகள் அதிகமாக வருவது கண்ணுக்கே தெரியும். ஒரு தாளில் மஞ்சள்தூள் கரைசலைத் தடவி, உப்புநீரில் நனைத்து இரண்டு கம்பிகளையும் வைத்தால் கேத்தோடு பக்கம் சிவக்கும். காரணம் உப்புக் கேள்வியில் இருக்கிறது.

டம்ளரில் சமையல் உப்பைப் போட்டு நீண்ட நேரம் ஓட்டாதீர்கள், குளோரின் வரும். எவர்சில்வர் ஸ்பூனை ஆனோடாக வைக்காதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சுச் சேர்மமாகலாம். சுவர் பிளக்கைத் தொடவே கூடாது. உயிருக்கு ஆபத்து என்பது முதல் காரணம். தவிர, ஏசி மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று திசை மாறுவதால் எது ஆனோடு எது கேத்தோடு என்றே இருக்காது.

இன்வெர்ட்டர் பேட்டரில மட்டும் ஏன் மாசக்கணக்குல தண்ணி குறையுது? ஆவியாகிடுதா?

கொஞ்சம் ஆவியாகும், மீதி மின்னாற்பகுப்பு. பேட்டரியை சார்ஜ் செய்வதே மின்னாற்பகுப்புதான். முழுதாக சார்ஜ் ஆன பின்னும் மின்னோட்டம் போனால் மாற்றுவதற்குத் தகடுகளில் ஈய சல்ஃபேட் மிச்சம் இருக்காது, அடுத்த வேட்பாளர் நீர்தான். ஒரு கலத்துக்கு 2 வோல்ட் இருந்தும் அதற்கு முன் நீர் ஏன் அதிகம் பிரியவில்லை என்று கேட்டால், ஈயத்தின் பரப்பில் ஹைட்ரஜன் உருவாவது மிக மந்தம். குளோரின் கேள்வியில் பார்த்த அதே கூடுதல் மின்னழுத்தக் கதை.

இதில் ஆனோடு கேள்விக்கும் நல்ல சோதனை இருக்கிறது. சார்ஜ் ஆகும்போது பிளஸ் தகடு ஆனோடு, கரண்ட் போய் மின்விசிறி ஓடும்போது அதே பிளஸ் தகடு கேத்தோடு. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரைடும் இரும்பும் தகடுகளைக் கெடுக்கும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றும், அதனால் பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

தண்ணில ஓடற பைக்னு வீடியோ வருதே, தண்ணிய பிரிச்சு அந்த ஹைட்ரஜன்லயே வண்டி ஓட்ட முடியாதா?

18 கிராம் நீரைப் பிரிக்கக் குறைந்தது 286 கிலோஜூல் வேண்டும். கிடைத்த ஹைட்ரஜனை எரித்தால் திரும்பக் கிடைப்பதும் அதே 286 கிலோஜூல்தான். இஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட சக்கரத்துக்குத் தருவது கஷ்டம். ஆகவே அந்த வண்டியில் எங்கோ ஒரு பேட்டரியோ பெட்ரோலோ வேலை செய்கிறது, வீடியோவில் காட்டவில்லை.

வெயிலிலும் காற்றிலும் எடுத்த மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேமிப்பது வேறு விஷயம். அங்கே யாரும் லாபமாக ஆற்றல் கிடைப்பதாகச் சொல்வதில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கணக்குப்படி 39 யூனிட் போதும், நடைமுறையில் 50-க்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியைக் குறைக்கும் வேலையில் ஆர்வம் இருக்கும் பிள்ளைகள் காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைப் பற்றித் தேடிப் படியுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அங்கே வந்த நிறுவனம் அது.